தேகப்பயிற்சிக்கு நேரம் இல்லையா? இரண்டு நிமிடமும் பலன் தரும்!

"நேரம் இல்லை."

ஏன் தேகப்பயிற்சி செய்வதில்லை என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் இதுதான்.

இந்தப் பதில் இனிச் செல்லாது என்கிறார்கள் டாக்டர்கள்.

மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஓட வேண்டியதில்லை. வேலைக்கு நடுவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று உடம்பை வேகமாக அசைத்தாலும் பலன் உண்டு.

இது அண்மையில் நடந்த ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்கு இது அடியோடு புதிய செய்தி அல்ல. வேலையோடு வேலையாக உடம்புக்கும் பயிற்சி கொடுப்பது எப்படி என்பதை, அந்த மாவட்டத்துப் பெண்கள் 30 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

அது எப்படி? பிறகு பார்ப்போம். முதலில் புதிய செய்தி என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

பத்து நிமிடக் கணக்கு போயிற்று

உடம்புக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் அவ்வப்போது அறிவிக்கிறது.

2010-ம் ஆண்டில் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் அது பயிற்சிக் கணக்கில் சேரும் என்று அதில் சொல்லப்பட்டு இருந்தது.

2020-ம் ஆண்டு நவம்பரில் புதிய அறிவிப்பு வந்தது. அதில் இந்த நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு குறைந்த நேரம் செய்தாலும் அது கணக்கில் சேரும் என்று ஆகிவிட்டது.

வளர்ந்த ஒருவருக்கு வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை நடுத்தரமான உழைப்பு வேண்டும். இதுதான் அந்த நிறுவனம் சொல்லும் அளவு. வேகமான உழைப்பு என்றால் இதில் பாதி போதும்.

150 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். நாளுக்கு 22 நிமிடம்தான் வரும். அதைப் பதினொரு பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு வெறும் இரண்டு நிமிடம்!

25 ஆயிரம் பேரிடம் சோதனை

2022-ம் ஆண்டு டிசம்பரில் இன்னொரு செய்தி வந்தது.

ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இமானுவேல் ஸ்டமடாக்கிஸ் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இங்கிலாந்தில் உள்ள 25,241 பேரைப் பற்றிய விவரங்கள் ஆராயப்பட்டன. அவர்கள் யாரும் தேகப்பயிற்சி செய்கிறவர்கள் அல்ல.

ஒரு வாரம் அவர்கள் கையில் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவி கட்டப்பட்டது. கை எப்போது அசைகிறது, எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அது பதிவு செய்தது. பிறகு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர்களுடைய உடல்நிலை கவனிக்கப்பட்டது.

தெரிந்தது என்ன?

அவர்களில் சிலர் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்கள். சிலர் மாடிப்படியில் விறுவிறு என்று ஏறினார்கள். சிலர் கனமான பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பயிற்சி என்று நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை.

நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் இப்படி வேகமாக இயங்கியவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. அப்படி இயங்காதவர்களோடு ஒப்பிட்டால், நூற்றுக்கு 38 முதல் 40 வரை குறைவு. இருதய நோயால் வரும் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமாக இருப்பவர்கள் இயல்பாகவே சுறுசுறுப்பாக நடப்பார்கள். ஆகவே பலன் முழுவதும் நடையால் மட்டுமே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆராய்ச்சியாளர்கள் வயது, நோய், புகைபிடிக்கும் வழக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். அப்படிப் பார்த்த பிறகும் வித்தியாசம் பெரிதாகவே இருந்தது.

லண்டன் பஸ் கண்டக்டர்கள்

இந்தக் கருத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் ஒரு டாக்டர். பெயர் ஜெர்ரி மாரிஸ்.

லண்டன் நகரில் இரட்டை மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை அவர் ஏறுவார்.

இருவருக்கும் ஒரே பஸ், ஒரே நிர்வாகம். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகமாக வந்தது. வந்தால் உயிருக்கு ஆபத்தும் அவர்களுக்கே அதிகமாக இருந்தது.

1953-ம் ஆண்டில் மாரிஸ் இதை வெளியிட்டார். தபால்காரர்களையும், உட்கார்ந்து வேலை செய்யும் ஊழியர்களையும் ஒப்பிட்டபோதும் இதே முடிவுதான் கிடைத்தது.

ஒரு தடவை படி ஏறினால் சில வினாடிகள்தான் ஆகும். அந்தச் சில வினாடிகள் நாள் முழுவதும் சேர்ந்து கண்டக்டரைக் காப்பாற்றின.

தம் கருத்தைத் தாமே கடைப்பிடித்த மாரிஸ், 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் காலமானார்.

சாப்பாடும் சர்க்கரையும்

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தன. அது 2023-ல் வெளிவந்தது.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக அதில் மதிப்பிடப்பட்டது. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவு வரும் எல்லையில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அதாவது, ஏழு பேரில் ஒருவர்!

உடல் அசைவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சோறு சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கால் தசைகள் சுருங்கி விரியும்போது, அந்தச் சர்க்கரையை அவை தாமே இழுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களின் தசைக்கும் இந்தச் சக்தி உண்டு.

சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டால் தசைக்கு வேலை இல்லை. சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றுகிறது.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் 2012-ல் ஒரு சோதனை நடந்தது. உடல் பருமன் உள்ள 19 பேரை மணிக்கணக்காக உட்கார வைத்துப் பார்த்தார்கள். இன்னொரு நாள், 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் மெதுவாக நடக்க வைத்தார்கள். நடந்த நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது.

இரண்டு நிமிட நடையின் வேலை இது.

புதுக்கோட்டையில் நடந்தது

இனிப் புதுக்கோட்டைக்கு வருவோம்.

1991-ம் ஆண்டில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிவு கொடுப்பது அதன் நோக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

படிக்க வரும் பெண்களுக்கும், பாடம் சொல்லிக்கொடுக்கும் தொண்டர்களுக்கும் ஒரு தடை இருந்தது. ஊர் விட்டு ஊர் போக வழி இல்லை. பஸ் எப்போதாவது வரும். இல்லாவிட்டால் அப்பா, அண்ணன், கணவன் யாராவது அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று!

ஊர் ஊராகப் பயிற்சி முகாம்கள் நடந்தன. விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள், ஆசிரியைகள் எல்லோரும் வந்தார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்காதபோது, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள்.

1992-ல் உலகப் பெண்கள் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். மாவட்டம் முழுவதும் நடந்த சைக்கிள் போட்டிகளிலும் காட்சிகளிலும் 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியதால், செய்தி நாடு முழுவதும் பரவியது.

அந்தப் பெண்கள் உடல் இளைக்கச் சைக்கிள் ஓட்டவில்லை. தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், வேலைக்குப் போகவும் ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சம் ஆயிற்று. யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியம் வந்தது.

தேகப்பயிற்சி அதோடு தானாகச் சேர்ந்துகொண்டது. அதற்கு என்று தனியே நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. நேரம் செலவாவதற்குப் பதிலாக நேரம் மிஞ்சியது!

இன்று டாக்டர்கள் சொல்லும் யோசனையின் சாரமும் இதுதான். தனியாகச் செய்யும் பயிற்சி, வேலை மிகுந்த நாளில் முதலில் விடுபட்டுப் போகும். வேலையோடு பின்னிய பயிற்சி விடுபடாது.

இன்றைய நிலை

முப்பது ஆண்டுகளில் வாழ்க்கை மாறிவிட்டது.

2005-06 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கிடைத்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர் இலவசமாக வந்தன. 2021 மே மாதத்தில் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. மொபெட்டும் ஸ்கூட்டரும் கிராமங்களிலும் ஓடுகின்றன.

இவை எல்லாம் நல்லவை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் இடுப்பு ஒடிய வேலை செய்த காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கஷ்டம் போனபோது அசைவும் கூடவே போய்விட்டது.

இந்தியாவில் வளர்ந்தவர்களில் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் 2000-ம் ஆண்டில் நூற்றுக்கு 22 பேர். 2022-ல் அது 49 ஆகிவிட்டது. இது உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கு. ஆண்களில் இது 42, பெண்களில் 57.

பெண்களுக்கு ஏன் அதிகம்? அவர்கள் சோம்பேறிகளா?

இல்லை. மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம் 2024-ல் எடுத்த கணக்கு இதற்குப் பதில் சொல்லுகிறது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம்; ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரம்!

விடியற்காலையில் அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணிடம், "காலையில் ஒரு மணி நேரம் நட" என்று சொல்லிப் பயன் இல்லை. அவருக்குத்தான் இந்த இரண்டு நிமிட முறை அதிகமாக உதவும்.

கூலி வேலை செய்கிறவர்களுக்கு?

இங்கே ஒரு சந்தேகம் எழும். வயலிலும் கல் குவாரியிலும் நாள் முழுவதும் உழைக்கிறவர்களுக்கு இந்த யோசனை எதற்கு?

அவர்களுக்கு வேண்டியது பயிற்சி அல்ல, ஓய்வு.

டென்மார்க் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கவனித்து 2021-ல் ஒரு முடிவு வெளியானது. ஓய்வு நேரத்தில் ஓடியாடியவர்களின் ஆயுள் கூடியது. பிழைப்புக்காகக் கடுமையாக உழைத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. ஆபத்துதான் கூடியது.

பயிற்சி என்பது சற்று நேரம் உழைத்து, பிறகு ஓய்வு கொடுப்பது. எட்டு மணி நேரம் இடைவிடாமல் கல் உடைப்பது அப்படிப்பட்டது அல்ல. உழைப்பாளிக்கு நிழலும், குடிதண்ணீரும், இடைவேளையும்தான் மருந்து.

ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நிற்கிறவர்கள் நிலையும் இதுதான். நின்றுகொண்டே இருப்பது நடப்பது ஆகாது. கால் வீங்கும், நரம்பு புடைக்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டசபை 2021-ல் சட்டத் திருத்தம் செய்தது.

உட்காருகிறவர் எழுந்திருக்க வேண்டும். நிற்கிறவர் உட்கார வேண்டும். உடம்புக்கு மாறுதல்தான் தேவை.

யார், எப்போது செய்யலாம்?

ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்: அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கலாம். தண்ணீர் குடிக்கச் சிறிய டம்ளர் வைத்துக்கொண்டால், அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். செல்போனில் பேசும்போது உட்காராமல் நடந்துகொண்டே பேசலாம். லிப்ட் இருந்தாலும் இரண்டு மாடி வரை படியில் ஏறலாம்.

வீட்டில் இருப்பவர்: சோறு வேகும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து பத்துத் தடவை எழுந்திருக்கலாம். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நிமிரலாம். தொடைக்கும் தோளுக்கும் இது நல்ல பயிற்சி.

கடை வைத்திருப்பவர்: வியாபாரம் ஓய்ந்த வேளையில் குதிகாலைத் தூக்கித் தூக்கி 20 தடவை இறக்கலாம். கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

பஸ், லாரி டிரைவர்கள்: வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி, வண்டியை நாலு தடவை வேகமாகச் சுற்றி வரலாம்.

மொபெட்டில் போகிறவர்: பக்கத்துக் கடைக்கும் கோவிலுக்கும் சைக்கிளில் போகலாம். மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சைக்கிள் வீட்டு மூலையில் இருந்தால், அதற்குக் காற்று அடித்தால் போதும்.

எல்லோரும்: மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு சில நிமிடம் நடக்கலாம்.

எவ்வளவு வேகம் வேண்டும்? அதை அறியக் கருவி தேவை இல்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர வேகம். நாலு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு விடவில்லை என்றால் அது அதிக வேகம்.

எச்சரிக்கை

நெஞ்சுவலி, அதிக மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இருதய நோய் உள்ளவர்களும், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. வயதானவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பகல் வேளையில் வெளியே வேகமாக நடக்கக் கூடாது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் மருந்தை நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிட நடை மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல. நேரம் உள்ளவர்கள், "இரண்டு நிமிடம் போதுமே" என்று நீண்ட நடையை விட்டுவிடவும் கூடாது.

தனி மனிதர் மட்டும் போதாது

ஜப்பானில் 1928-ல் ரேடியோ மூலம் தேகப்பயிற்சி தொடங்கியது. பியானோ இசை ஒலிக்கும். அதற்கு ஏற்ப மூன்று நிமிடம் கை காலை அசைப்பார்கள். பள்ளிக்கூடத்திலும், தொழிற்சாலையிலும், பூங்காவிலும் அது வழக்கம் ஆகிவிட்டது. இன்றும் நடக்கிறது.

இந்தியாவில் மத்திய ஆயுஷ் அமைச்சகம், வேலைக்கு நடுவே செய்ய ஐந்து நிமிட யோகாசன முறை ஒன்றை வகுத்தது. 2021 செப்டம்பரில் அதற்குச் செல்போன் செயலியும் வெளியிட்டது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து, மக்களை நடக்க அழைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டு கிலோமீட்டர் நடக்க நேரம் உள்ளவர்களுக்கே அது உதவும். மற்றவர்களுக்கு வேண்டியது, பஸ் நிலையத்தில் இருந்து ஆபீசுக்குப் பயம் இல்லாமல் நடந்து போக ஒரு நடைபாதை. கிராமத்தில் இருந்து டவுனுக்குச் சைக்கிளில் போக, லாரி இடிக்காத ஒரு ஓரம்.

முதலாளிகளும் யோசிக்க வேண்டும். ஊழியர் எழுந்து இரண்டு நிமிடம் நடந்தால், வேலை செய்யாமல் ஏமாற்றுகிறார் என்று பார்க்கும் இடத்தில் இந்த யோசனை எடுபடாது. மேலதிகாரி முதலில் எழுந்து நடந்தால், மற்றவர்களும் எழுந்திருப்பார்கள்.

புதுக்கோட்டையில் அன்று நடந்ததும் அப்படித்தான். ஒரு பெண் தனியாகச் சைக்கிள் ஏறியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக ஏறினார்கள். சிரித்தவர்கள் வழிவிட்டார்கள்.

வீட்டிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 289 நிமிடத்துக்கும் 88 நிமிடத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணவன்மார்கள் குறைக்கலாம். குடம் தூக்கலாம், வீடு கூட்டலாம், துணி துவைத்து மாடியில் காயப்போடலாம்.

மனைவிக்கு நடக்க நேரம் கிடைக்கும். கணவனுக்கு மாடிப்படி ஏறிய பலனும் கிடைக்கும்.